காப்பிச் செடிக்குக் கலப்பு மணம்

பள்ளியில் பயிர்க் கலப்பு, மரபணு மாற்றம் பற்றி ஒப்படைப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்களா? ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்தே தொடங்குங்கள்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில். கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன். அரபிகா என்னும் காப்பி இனத்தின் பெரும்பகை இலைத்துரு நோய். 1869-இல் இலங்கையில் தலைகாட்டிய இந்தப் பூஞ்சை, அங்கே காப்பித் தொழிலையே அழித்தது. இலங்கை தேயிலைக்கு மாறியதே அதன் பிறகுதான்.

கர்நாடகத்தின் பாலேஹொன்னூரில் 1925-இல் காப்பி ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கே, இலைத்துருவைத் தாங்கும் ரகம் தேடி, அரபிகாவும் லைபீரிகா என்னும் மற்றொரு காப்பி இனமும் இயற்கையாகக் கலந்து பிறந்த வழியில் வந்த ஒரு செடியை, சுவைக்குப் பெயர்பெற்ற 'கென்ட்' ரகத்தோடு சேர்த்தார்கள். பூ விரியுமுன் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, மற்றதன் மகரந்தத்தைத் தடவி, உறையிட்டு மூடுவார்கள். விதை முளைத்துச் செடி காய்க்கவே மூன்று நான்கு ஆண்டு ஆகும். பொறுமைதான் இதில் பாதி வேலை! இப்படிப் பிறந்ததுதான் எஸ்.795. 1940-களில் வெளியான இந்த ரகம் இன்றும் இந்தியாவில் பரவலாகப் பயிராகிறது.

இப்படிக் கலப்பது மரபணு மாற்றம் அல்ல. மரபணு மாற்றத்துக்கு எடுத்துக்காட்டு, இந்தியாவில் 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி. மண்ணில் வாழும் பாக்டீரியாவின் மரபணுவை ஆய்வகத்தில் அந்தச் செடிக்குள் புகுத்தினார்கள்.

மாணவர்களே, இந்த வேறுபாட்டை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.