பதின்மூன்றாவது மாதம்

வருஷத்திற்குப் பன்னிரண்டு மாதம் என்பது உலகக் கணக்கு. கைப்பேசிக் கம்பெனிகளின் கணக்கோ வேறு. 28 நாள் திட்டத்தை வாங்கும் மரக்காணம் உப்பளத் தொழிலாளி, வருஷத்தில் பதின்மூன்று தடவை பணம் கட்டுகிறார்.

30 நாள் திட்டம் ஒன்றேனும் வைத்தாக வேண்டுமென்று டிராய் ஆணையம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. இணையம் வேண்டாதாருக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் வேண்டுமென 2024 டிசம்பரில் விதித்தது. அதன்பின் 2025 ஜனவரியில் ஏர்டெல் வைத்த விலை, 84 நாளைக்கு 469 ரூபாய். 365 நாளைக்கு 1,849 ரூபாய். நாளொன்றுக்கு முன்னது சுமார் 5 ரூபாய் 58 காசு. பின்னது 5 ரூபாய் 7 காசு. மொத்தப் பணம் உள்ளவருக்கு மலிவு, தினக்கூலிக்காரருக்கு ஏற்றம்! மழையில் உப்பளம் மூழ்கிக் கூலி நின்றாலும் கெடுத் தேதி நிற்பதில்லை.

கேரளத்துக்குச் சென்றால் ரோமிங் கட்டணம் என்ற பழைய அச்சம் இன்றில்லை. ஆனால் கட்டணம் நீங்கியது வேறு, கோபுரம் எட்டுவது வேறு. வேலை செய்யும் பாத்தியருகே சிக்னல் கிடைக்கிறதா என்று பார்த்தே வாங்குவது விவேகம்.

நம் தொண்டர்களுக்கு ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு திட்டத்திற்கும் நாள் விலையைக் கணக்கிட்டுக் கடைத்தெருப் பலகையில் எழுதுங்கள். அவ்விலையைக் கம்பெனிகளே அச்சிட வேண்டுமென்று டிராயைக் கேளுங்கள். கணக்கறிந்த ஜனங்களை ஏமாற்றுவது எளிதன்று.