செலவிடுதலும் செலவழித்தலும்

'செலவு' என்னுஞ் சொல் 'செல்' என்னும் வினையடியாகப் பிறந்தது. சங்க நூல்களில் அது பெரிதும் போதலையே குறிக்கும். பாலைத்திணையின் 'செலவழுங்கல்', பொருள்வயிற் பிரிய எண்ணிய தலைவன் அப்போக்கைத் தவிர்தலாம். தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் வரவையும் தரவையும் தன்மை முன்னிலைகட்கும், செலவையும் கொடையையும் படர்க்கைக்கும் உரியவாக வகுத்தார். கணக்கேட்டின் வழக்கும் இந்நெறியோடு ஒத்ததே: நம்பால் வருவது வரவு, பிறர்பாற் செல்வது செலவு. ஆகவே, செலவு அழிவன்று, இடம் பெயர்தலே. 'அழி' சேர்ந்துழியே தீர்த்தற்பொருள் மேலோங்குகின்றது.

மழை அருகிய இராதாபுரம் வட்டாரத்தை எண்ணின் இவ்வேறுபாடு இனிது விளங்கும். குளத்து நீரை வயலுக்குப் பாய்ச்சுதல் செலவிடுதல். பயனின்றித் தீர்த்துவிடுதல் செலவழித்தல். இன்று இவ்விரண்டும் ஒருபொருட் கிளவிகளாகவே வழங்குகின்றன. எனினும், பயன் கருதிய செயலைச் 'செலவிடுதல்' என்றே ஆளுதல் தக்கதென யாம் கருதுகின்றோம்.