டெடிங்டன் ஹாக்கி கிளப்

லண்டனின் அரச பூங்காக்களில் ஒன்றான புஷி பூங்காவில், மான்கள் மேயும் வெளிக்கு நடுவே, டெடிங்டன் கிரிக்கெட் கிளப்பினர் கோடையில் ஆடிவந்தனர். குளிர்காலத்தில் சும்மா இருக்க மனம் வராமல் 1871-ல் வளைந்த மட்டையைக் கையில் எடுத்தார்கள்.

ஹாக்கி அப்போது புதிதல்ல. தென்கிழக்கு லண்டனில் பிளாக்ஹீத் கிளப் அதற்கு முன்பே ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் அது வேறு ஆட்டம்: மேடுபள்ளமான பொட்டல், பெருங்கூட்டமாக மோதும் அணிகள், பந்துக்குப் பதில் கனசதுர ரப்பர் கட்டி. அது எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

டெடிங்டன்காரர்களிடம் இருந்ததோ சமன்செய்த கிரிக்கெட் தரை. கிரிக்கெட் பந்தையே அதில் உருட்டி ஆடினார்கள். பந்து நேராக ஓடியது. குறிபார்த்துத் தள்ளவும், சக வீரருக்குக் கடத்தவும் முடிந்தது. முரட்டு பலத்தைவிட மணிக்கட்டின் நுட்பத்துக்கு மதிப்பு கூடியது இப்படித்தான். அணிக்கு 11 பேர் என வரம்பு கட்டினர். கோலுக்கு முன் வளைகோடு ஒன்றையும் கொண்டுவந்தனர்; அதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். இந்த ஆட்டத்துக்கு அவர்கள் தந்த மிகப்பெரிய கொடை அதுவே. 1886-ல் லண்டனில் உருவான ஹாக்கி சங்கம் அதைத் தன் விதிகளில் சேர்த்தது. பிளாக்ஹீத் இணங்கவில்லை, பழைய ஆட்டத்தையே சில ஆண்டுகள் தொடர்ந்தது.

பிரிட்டிஷ் படையினரோடு ஹாக்கி இந்தியாவுக்குப் போனது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தியான்சந்த் அடித்த 14 கோல்களும் இத்தகைய வளைகோட்டுக்குள்ளிருந்து வந்தவையே.

டெடிங்டன் கிளப் இன்றும் ஆடுகிறது, புல்லில் அல்ல, செயற்கைத் தரையில்.