ஆக்சிசனேற்றத் தடுப்பு உயிர்ச்சத்துகளும் மூளைப் பாதுகாப்பும்

ஆக்சிசனேற்றத் தடுப்பு உயிர்ச்சத்துகள் என்பவை உயிரணுக்களை ஆக்சிசனேற்றச் சிதைவிலிருந்து காக்கும் உயிர்ச்சத்துகள் ஆகும். உயிர்ச்சத்து சி, உயிர்ச்சத்து ஈ ஆகியவையும், உயிர்ச்சத்து ஏ-யின் முன்பொருளான பீட்டா கரோட்டினும் இவற்றுள் முதன்மையானவை. மூளைக்குச் செல்லும் குருதி குறைவதால் விளையும் சேதத்தை இவை தடுக்குமா என்பது பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. உணவின் பகுதியாக இவை இன்றியமையாதவை. ஆனால், மாத்திரைகளாக உட்கொள்ளும்போது பக்கவாதத்திலிருந்து காக்கும் என்பது நிறுவப்படவில்லை.

குருதி குறையும்போது நிகழ்வது

மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே ஆயினும், ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் ஆக்சிசனில் 20 விழுக்காட்டைப் பெறுகிறது. 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் குருதி பாய்கிறது. இது 20 மில்லிலிட்டருக்குக் கீழே குறைந்தால் நரம்பணுக்கள் செயலிழக்கும். 10 மில்லிலிட்டருக்குக் கீழே குறைந்தால் விரைவில் இறக்கும். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட, செயலிழந்தும் இறவாத பகுதி அரைநிழற் பகுதி எனப்படும். குருதியோட்டம் விரைவில் மீண்டால் இப்பகுதியைக் காப்பாற்ற இயலும்.

குருதி குறையும்போதும், அது மீண்டும் பாயும்போதும் தனி உறுப்புகள் பெருமளவில் உருவாகின்றன. இவை இணையில்லா எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் துகள்கள் ஆகும். கொழுப்பு மிகுந்த நரம்பணுச் சவ்வுகளை இவை சிதைக்கின்றன.

உயிர்ச்சத்துகளின் செயல்

உயிர்ச்சத்து ஈ சவ்வில் தங்கி, தனி உறுப்புகளைச் செயலிழக்கச் செய்கிறது. அவ்வாறு செலவான உயிர்ச்சத்து ஈ-யை உயிர்ச்சத்து சி மீட்டுத் தருகிறது. விலங்குச் சோதனைகளில், குருதிக்குழாயை அடைப்பதற்கு முன்பே இவற்றைக் கொடுத்தபோது சேதம் குறைந்தது கண்டறியப்பட்டது. ஆனால், நோயாளியோ அடைப்பு ஏற்பட்ட பின்னரே மருத்துவமனைக்கு வருகிறார். அடைபட்ட குழாயின் வழியே மருந்தும் போதிய அளவு சென்றடைவதில்லை.

மனிதரில் நடந்த ஆய்வுகள்

அமெரிக்காவில் 14,641 ஆண் மருத்துவர்களிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வில், உயிர்ச்சத்து ஈ, சி மாத்திரைகள் மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை. உயிர்ச்சத்து ஈ உட்கொண்டோரிடம் மூளைக் குருதிக்கசிவு மிகுந்திருந்தது. 2010-இல் ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, உயிர்ச்சத்து ஈ அடைப்பால் வரும் பக்கவாதத்தை 10 விழுக்காடு குறைத்தாலும், கசிவால் வரும் பக்கவாதத்தை 22 விழுக்காடு கூட்டுவது தெரிந்தது. மிகை அளவு உயிர்ச்சத்து ஈ, குருதி உறைவதற்குத் தேவையான உயிர்ச்சத்து கே-யின் செயலைத் தடுப்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில்

2007-இல் தனித்தனி மாவட்டங்களாகப் பிரிந்த பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் இச்சத்துகள் அன்றாட உணவிலேயே கிடைக்கின்றன. ஆண்டிமடம், செயங்கொண்டம் பகுதிகளில் விளையும் முந்திரியின் பழத்தில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு உயிர்ச்சத்து சி உள்ளது. எனினும், கொட்டையை எடுத்தபின் பழம் பெரும்பாலும் வீணாகிறது. முருங்கைக்கீரையில் பீட்டா கரோட்டினும், நிலக்கடலையில் உயிர்ச்சத்து ஈ-யும் உள்ளன. பெரம்பலூரில் மிகுதியாக விளையும் சின்ன வெங்காயத்திலுள்ள குவர்செட்டின் ஓர் ஆக்சிசனேற்றத் தடுப்பியே எனினும் உயிர்ச்சத்து அன்று. உயிர்ச்சத்து சி நீரில் கரைவதாலும் வெப்பத்தில் சிதைவதாலும் கீரையை நெடுநேரம் வேகவைப்பது ஏற்றதன்று.

மூளையைக் காப்பவை

உயர் குருதி அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும் புகைபிடித்தலைக் கைவிடுவதும் பக்கவாதத்தைத் தடுப்பதில் முதன்மையானவை. தமிழ்நாட்டில் 2021 ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்வழி குருதி அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள் வீடுகளிலேயே வழங்கப்படுகின்றன. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது.

பெருங்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் இறப்பதாக 2006-இல் கணக்கிடப்பட்டது. குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஊடுகதிர்ப் படம் எடுத்து, குருதிக்கசிவு இல்லை என்பதை உறுதி செய்தல் வேண்டும். எனவே வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை திடீரெனத் தோன்றினால், மாத்திரையோ வீட்டு மருந்தோ கொடுத்துக் காத்திராமல் உடனே 108 அவசர ஊர்தியை அழைப்பதே மூளையைக் காக்கும் வழியாகும்.