கேபிளை நிறுத்திவிட்டு ஆன்டெனாவுக்கு மாறலாமா?

உரம், பூச்சி, விதை என்று வரும் கடிதங்களுக்கு நடுவே, சில மாதங்களாக ஒரே கேள்வியைப் பல வாசகர்கள் கேட்டு எழுதுகிறார்கள். 'கேபிளுக்கு மாதம் 250, 300 ரூபாய் போகிறது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு மேலே ஏரியல் கட்டி டி.வி. பார்த்தோமே, அப்போது யாருக்கும் மாதப் பணம் கட்டவில்லை. இப்போது அப்படிப் பார்க்க வழி உண்டா?' என்பதுதான் கேள்வி.

வேளாண்மை அலுவலருக்கும் டி.வி.க்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 250 ரூபாய் என்றால் வருடத்துக்கு 3,000. ஒரு மூட்டை டி.ஏ.பி. 1,350 ரூபாய், 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஆக, கேபிளுக்குக் கட்டும் பணத்தில் இரண்டு மூட்டை டி.ஏ.பி.யும் ஒரு மூட்டை யூரியாவும் வாங்கினாலும் கையில் 30 ரூபாய் மீதி இருக்கும். பிரதமர் கிசான் திட்டத்தில் வருடத்துக்கு 6,000 ரூபாய் வருகிறதே, அதில் சரிபாதி. ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

முதலில் பழைய ஏரியல் கதை. சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். பிறகு கொடைக்கானல் மலை உச்சியில் கோபுரம் வந்ததும் தென் மாவட்டங்களுக்கும் படம் கிடைத்தது. மீன்முள் மாதிரி இருக்கும் அந்த ஏரியலை மூங்கிலிலோ குழாயிலோ கட்டி, ஒருவர் கூரைமேல் நின்று திருப்ப, இன்னொருவர் வாசலில் நின்று 'போதும், போதும், கொஞ்சம் பின்னால' என்று கத்திய காலம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். கடலோரத்துக்காரர்கள் பூஸ்டர் வைத்து இலங்கையின் ரூபவாஹினியையும் பிடித்துப் பார்த்தார்கள். 'வயலும் வாழ்வும்' பார்த்துவிட்டு மறுநாள் அலுவலகத்துக்கு வந்து ரகத்தின் பெயரைச் சரியாகச் சொல்லி விதை கேட்ட விவசாயிகளை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த ஏரியல் இப்போது பயன்படாது. அதற்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்த தூர்தர்ஷனின் பழைய நிலவழி டிரான்ஸ்மிட்டர்களைப் பிரசார் பாரதி படிப்படியாக மூடிவிட்டது. முக்கியமான இடங்களில் இருக்கும் ஐம்பது வாக்கில் தவிர மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் நிறுத்துவதாக அறிவித்தார்கள். சென்னை உட்பட 16 நகரங்களில் 2016-ல் டிஜிட்டல் நிலவழி ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். அது நகரத்தைச் சுற்றியே நின்றது, கிராமத்துக்கு வரவில்லை. எனவே பரணில் கிடக்கும் ஏரியலை எடுத்துத் தூசி தட்ட வேண்டாம். 'எல்லாச் சேனலும் பிடிக்கும் டிஜிட்டல் ஆன்டெனா' என்று சந்தையில் 300, 400 ரூபாய்க்கு விற்பதையும் வாங்க வேண்டாம். காற்றில் அலை இல்லாதபோது எந்த ஆன்டெனா என்ன பிடிக்கும்?

இன்றைக்கு நமக்கு இருக்கும் வழி டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கிய அரசுச் சேவை இது. செயற்கைக்கோளில் இருந்து நேராக உங்கள் வீட்டு டிஷ்ஷுக்கு வருகிறது. மாதக் கட்டணம் இல்லை, ரீசார்ஜ் இல்லை, கார்டும் இல்லை. டிஷ், அதன் முன்னால் இருக்கும் எல்.என்.பி., ஒயர், பெட்டி எல்லாம் சேர்த்து ஒரே ஒருமுறை 1,500 முதல் 2,500 ரூபாய் வரை ஆகும். ஒரு வருடக் கேபிள் பணத்துக்குள் செலவு அடங்கிவிடுகிறது. யாராவது ஃப்ரீ டிஷ்ஷுக்கு வருடச் சந்தா என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனிக் கசப்பான பகுதி. அதைச் சொல்லாமல் விட்டால் என்னைத் திட்டுவீர்கள். நம் வீடுகளில் மாலையில் ஓடும் முக்கியமான தனியார் தமிழ்ச் சேனல்களின் சீரியல்கள் இதில் வருவதில்லை. தமிழில் நம்பி உட்கார முடிவது முக்கியமாக டிடி தமிழ். நாம் பொதிகை என்று சொல்லிப் பழகிய அதே சேனல்தான், 2024 ஜனவரியில் பெயர் மாறியது. மற்றபடி இந்திச் சேனல்கள் நிறைய, செய்தி, விளையாட்டு, பக்தி, பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடச் சேனல்கள், அகில இந்திய வானொலி நிலையங்கள் சில. 2015 மே 26-ல் தொடங்கிய டிடி கிசான் உண்டு. ஆனால் பெரும்பாலும் இந்திதான், கோதுமையும் கடுகும்தான் அதிகம். நம் ஊர் நெல்லுக்கும் வாழைக்கும் அதை நம்பி உட்கார வேண்டியதில்லை என்பது என் கருத்து. சேனல் பட்டியல் அவ்வப்போது மாறும். அதனால் ஊரில் ஏற்கெனவே இது வைத்திருக்கும் வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

துறையூர் பக்கத்தில் ஒரு வீட்டில் இது நடந்தது. மகன் மாமியாரையும் மருமகளையும் கேட்காமல் கேபிளை நிறுத்திவிட்டு டிஷ் மாட்டிவிட்டார். மக்காச்சோளத்தில் படைப்புழு பார்க்க நான் போனபோது அந்த அம்மா என்னிடம் சொன்னது: "சார், காலையில நாலு மணிக்கு எழுந்து பால் கறந்து, களை எடுத்து, ஆக்கிப் போட்டு, ராத்திரி அரை மணி நேரம் அந்த நாடகம் பார்ப்பேன். அது ஒண்ணுதான் எனக்குனு இருந்துச்சு. இவன் உர மூட்டைக் கணக்குச் சொல்றான். தினம் அவன் டீக்கடையில கொடுக்கிறதையும் கணக்குப் போடச் சொல்லுங்க." மகன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அந்த வீட்டில் கேபிளும் திரும்ப வந்தது, டிஷ்ஷும் இருக்கிறது. மிச்சம் பிடிக்கிற பணம் யாருடைய ஓய்வில் இருந்து பிடிக்கிறோம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

செய்திக்கும், தூர்தர்ஷனில் வரும் கிரிக்கெட்டுக்கும், பிள்ளைகள் பாடத்துக்கும்தான் டி.வி., மற்றதெல்லாம் செல்போனில் பார்க்கிறோம் என்கிற வீடுகளுக்கு ஃப்ரீ டிஷ் நன்றாகப் பொருந்தும். தோட்டத்து வீட்டில் தனியாகக் குடியிருப்பவர்களுக்கு இன்னும் பொருந்தும். கேபிள் ஒயர் அங்கே வருவதே இல்லை. வந்தாலும் அரை கிலோமீட்டர் ஒயருக்குத் தனிப் பணம் கேட்பார்கள்.

மாட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆள் கூப்பிட்டு மாட்டினாலும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளில் இருந்து. அது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில், பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கிறது. நம் ஊரில் இருந்து பார்த்தால் அக்னி மூலை. சென்னைக்காரர்களுக்கு ஏறக்குறையச் சரியான தென்கிழக்கு. திருச்சி, கோவைப் பக்கம் அதில் இருந்து கொஞ்சம் கிழக்கே தள்ளி. கன்னியாகுமரியில் இன்னும் கிழக்கே. உயரம் எல்லா ஊரிலும் 67 முதல் 69 டிகிரி வரை, அதாவது உச்சிக்குக் கொஞ்சம் கீழே. டிஷ் தட்டு பாதிச் சாய்வில் நிற்பது போலத் தெரியும். பார்வை மட்டும் அதைவிட மேலே போகும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

செயற்கைக்கோள் இவ்வளவு உயரத்தில் இருப்பது நமக்கு ரொம்ப வசதி. பழைய ஏரியலுக்கு உயரம் வேண்டும், டிஷ்ஷுக்கு வேண்டாம். ஓட்டு வீடு, கூரை வீட்டுக்காரர்கள் கூரைமேல் ஏறி ஓட்டை உடைக்க வேண்டியதில்லை. வாசலில் ஒரு ஜி.ஐ. குழாயை இரண்டடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு நட்டு, அதில் மாட்டினாலே போதும். குழாய் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தால் நேராக நிற்க வேண்டும். ஆடு, மாடு உரசாத இடமாக இருக்கட்டும். உரசி ஒரு விரல்கடை நகர்ந்தாலும் படம் போய்விடும்.

அடுத்து தென்னை. 50 அடி மரம், டிஷ் 10 அடி உயரத்தில் என்றால், மரத்தின் தலை டிஷ்ஷுக்கு மேல் 40 அடி. இந்தக் கோணத்துக்கு 16 அடி தள்ளினாலே தண்டு மறைக்காது. ஆனால் மட்டை சுற்றிலும் 15 அடிக்கு மேல் நீளுமே! அதனால் அக்னி மூலைப் பக்கம் தென்னைக்கும் டிஷ்ஷுக்கும் 30, 35 அடி இடைவெளி விடுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. மார்ச் 15-ஐ ஒட்டிக் காலை 11.15 மணி வாக்கிலும், செப்டம்பர் 28-ஐ ஒட்டி 11 மணி வாக்கிலும் சூரியன் அந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அப்போது டிஷ் வைக்கும் இடத்தில் வெயில் விழுந்தால் எந்த மறைப்பும் இல்லை. நிழல் விழுந்தால் இடம் மாற்றுங்கள். அதே நாட்களில் அந்த நேரத்துக்குச் சில நிமிடம் படம் தானாகவே போகும். டிஷ்ஷைத் தொடாதீர்கள், தானாகவே வந்துவிடும்.

பெட்டி வாங்கும்போது எம்பெக்-4 பெட்டி என்று கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பெட்டி சற்று மலிவு, ஆனால் பாதிச் சேனல் வராது. எம்பெக்-4 பெட்டியில் இரண்டும் வரும். மாட்டும்போது திரையில் இரண்டு கோடுகள் தெரியும். ஸ்ட்ரெங்த் ஒயர் சேர்ந்தாலே ஏறும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். குவாலிட்டி ஏற வேண்டும். கனெக்டர் இருக்கும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றுங்கள். 'படம் திடீரென்று போய்விட்டது' என்று சொல்லும் வீடுகளில் நான் பார்த்தவரை பாதிக்குமேல் கனெக்டரில் துரு, இல்லையென்றால் எலி கடித்த ஒயர்.

கனமழையில் கொஞ்ச நேரம் படம் போவது இதன் இயல்பு. மழை விட்டதும் வரும். இடி, மின்னல் நேரத்தில் டி.வி.யில் இருந்து ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

கேபிளை நிறுத்தும்போது பெட்டியைப் பரணில் போட்டுவிடாதீர்கள். அதைத் திருப்பிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். கேபிள் தம்பியும் நம் ஊர்ப் பிள்ளைதான், அவர் பாக்கியை முடித்துக்கொடுத்துவிட்டே நிறுத்துங்கள்.

வாசகர் கேள்விகள் சில:

பழைய சன் டைரக்ட் டிஷ் மாடியில் சும்மா நிற்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. அதுவும் பெரும்பாலும் அதே 93.5 டிகிரியைத்தான் பார்க்கிறது. திசையை மாற்றாமல் பெட்டியை மட்டும் மாற்றிப் பாருங்கள். டாடா பிளே, ஏர்டெல் டிஷ் என்றால் அவை வேறு செயற்கைக்கோளைப் பார்ப்பவை. தட்டும் குழாயும் உதவும், திசை திருப்ப வேண்டும்.

வீட்டுக்கும் மோட்டார் கொட்டகைக்கும் ஒரே டிஷ் போதுமா?

இரண்டு வழி உள்ள எல்.என்.பி. போட்டு இரண்டு பெட்டி வைக்கலாம். ஒயர் 100 அடிக்கு மேல் போனால் அலை பலம் குறையும். கொட்டகை அதைவிடத் தூரம் என்றால் அங்கே தனி டிஷ் வைப்பதுதான் சரி.

புயல் காலத்தில் இது தாங்குமா?

2018 நவம்பரில் கஜா வந்தபோது டெல்டாவில் மின்கம்பத்தோடு கேபிள் ஒயரும் சாய்ந்து, பல ஊர்களில் டி.வி. வரப் பல வாரம் ஆயிற்று. டிஷ் என்றால் கரண்ட் வந்த அன்றே படம் பார்க்கலாம், தட்டு பிழைத்திருந்தால். புயல் எச்சரிக்கை வந்ததும் தட்டைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். கழற்றும் முன் குழாயிலும் கிளாம்பிலும் சேர்ந்தாற்போல் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். திரும்ப மாட்டும்போது கோட்டோடு கோடு சேர்த்து முடுக்கினால் ஆளைத் தேட வேண்டாம். கரண்ட் இல்லாத நாட்களுக்கு பேட்டரி ரேடியோ ஒன்று கட்டாயம் வீட்டில் இருக்கட்டும். பயிர் சேதம் பற்றிய சந்தேகங்களுக்கு கிசான் கால் சென்டர் 1800-180-1551, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.