பட்டியல் போடுகிறவரின் பெயர் எத்தனை முறை வரலாம்?

நம் ஊர்களில் ஓரளவு பெரிய சி.எஸ்.ஐ. சபை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு ஞாயிறு ஆராதனைக்கு வேதபாடம் வாசிக்க இருவர், காணிக்கைப் பை எடுக்க நால்வர், வாசலில் வரவேற்க இருவர், மைக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவர், திரையில் பாட்டு வரிகளைப் போட ஒருவர் என்று பத்துப் பேராவது வேண்டும். பாடகர் குழுவும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் இந்தக் கணக்கில் சேரவில்லை. யாருக்கும் சம்பளம் கிடையாது. இவர்களுக்கு முறை போட்டு, சனிக்கிழமை நினைவூட்டி, வராதவருக்கு மாற்றாள் தேடுகிறவரும் சம்பளமில்லாத ஊழியர்தான். அவரும் கொயரில் நிற்பார், அல்லது பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார். யாராவது வராமல் போனால் அந்த இடத்திலும் அவரே போய் நிற்பார். சபையார் இதை அர்ப்பணிப்பு என்று பாராட்டுகிறார்கள். அர்ப்பணிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் பல சபைகளில் பணி முறை கெட்டுப்போவது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பட்டியல் போடுகிறவர் தனக்கு ஒரு பணியை முதலிலேயே குறித்துக்கொண்டு அதோடு நின்றுவிட வேண்டும். காலி இடங்களை நிரப்பும் ஆளாக அவர் இருக்கக் கூடாது.

கணக்கைப் பார்ப்போம். ஆராதனைக்குப் பத்துப் பேர் என்றால் 52 ஞாயிறுக்கு 520 முறை. பட்டியலில் நாற்பது பேர் இருந்தால் ஆளுக்கு ஆண்டில் 13 முறை, அதாவது நாலு வாரத்துக்கு ஒரு தடவை. பேருக்கு நாற்பது பேர் இருந்து, கூப்பிட்டால் வருகிறவர்கள் பன்னிரண்டே பேர் என்றால் ஆளுக்கு 43 முறைக்கு மேல் வரும். ஏறக்குறைய எல்லா ஞாயிறும் அவர்களுக்குப் பணிதான். இந்த வித்தியாசம் கமிட்டியின் கண்ணில் படுவதே இல்லை, ஏனென்றால் ஆராதனை ஒரு வாரமும் தடைபடுவதில்லை. சனிக்கிழமை இரவு வாட்ஸ்அப் குழுவில் “நாளைக்கு யாராவது வாசிக்க முடியுமா?” என்று ஒரு செய்தி போகும். ‘யாராவது’ என்று கேட்டால் யாரும் தன்னைக் கேட்டதாக எடுத்துக்கொள்வதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுக்கத் தெரியாத இரண்டு மூன்று பேருக்குப் போன் போகும். அவர்களும் “இந்த ஒரு வாரம் விட்டுடுங்கண்ணே” என்றால் கேட்டவரே வாசித்துவிடுவார். மறுநாள் எல்லாம் ஒழுங்காக நடந்ததாகவே சபைக்குத் தோன்றும். ஒரு பணிக்கு ஆளில்லை என்ற செய்தியை அவருடைய உழைப்பே மறைத்துவிட்டது. மூன்று ஆண்டு கழித்து அவர் வேலை மாறி ஊரை விட்டுப் போகும்போதுதான் அந்தச் செய்தி வெளியே வரும், அதுவும் ஒரே நாளில் மொத்தமாக.

பணி முறை என்பது நவீன நிர்வாகத்திலிருந்து வந்த சரக்கு, ஊழியத்துக்கு அது எதற்கு என்று கேட்கிறவர்கள் 1 நாளாகமம் 24, 25 அதிகாரங்களைத் திறந்து பார்க்கலாம். பெயர்கள் நிறைந்த பகுதி என்பதால் நம்மில் பலர் வேகமாகத் தாண்டிப்போகிற அதிகாரங்கள் அவை. ஆசாரியர்கள் 24 வகுப்புகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். பாடகர்கள் 288 பேர், பன்னிரண்டு பன்னிரண்டு பேராக 24 முறை. வரிசையைத் தீர்மானித்தது சீட்டு. பெரியவன், சிறியவன், ஆசான், மாணாக்கன் என்ற பேதம் அதில் இல்லை. ஆசாரியர்களின் பெயர்களை எழுதிய செமாயா என்ற எழுத்தரும் ஒரு லேவியர், அதாவது ஊழியக் குலத்தைச் சேர்ந்தவர். பணிசெய்கிறவர்களில் ஒருவரே பட்டியலும் எழுதியிருக்கிறார். அதைத் தனியறையில் வைத்து எழுதவில்லை, ராஜாவுக்கும் பிரபுக்களுக்கும் ஆசாரியர்களுக்கும் முன்பாக எழுதினார். இந்த ஏற்பாட்டில் எட்டாவது வகுப்பு அபியாவினுடையது. லூக்கா முதல் அதிகாரத்தில் தூபங்காட்ட உள்ளே போகும் சகரியா அந்த வகுப்பைச் சேர்ந்தவர்தான். தேவதூதனையே கண்ட பிறகும், தன் ஊழிய நாட்கள் நிறைவேறியதும் அவர் வீட்டுக்குப் போனார் என்று லூக்கா தவறாமல் குறிப்பிடுகிறார். எப்போது வர வேண்டும் என்பதோடு எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பதையும் சொல்வதுதான் முறை. நம் பட்டியல்களில் இரண்டாவது பாதி விட்டுப்போயிருக்கிறது.

பட்டியல் போடுகிறவர் ஒரே பணியோடு நிற்க வேண்டும் என்பதற்கு வரும் முதல் மறுப்பு தாழ்மையைப் பற்றியது. தலைவன் ஊழியக்காரனாக இருக்க வேண்டும் என்று கர்த்தரே கற்பித்திருக்க, ஆளில்லாத இடத்தில் போய் நிற்காமல் ஒதுங்குவது எந்த நியாயம்? நல்ல கேள்வி. ஆனால் ஜனத்தின் வழக்குகளைத் தனியாளாக விசாரித்த மோசேயிடம் அவருடைய மாமனார் எத்திரோ சொன்னதை முழுவதும் கேட்க வேண்டும். நீ தளர்ந்துபோவாய் என்பதோடு அவர் நிறுத்தவில்லை, உன்னோடிருக்கிற ஜனமும் தளர்ந்துபோகும் என்றார். பிரசங்கங்களில் மோசேயின் களைப்பு வருகிற அளவுக்கு ஜனத்தின் களைப்பு வருவதில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்திலும் அன்றாடப் பகிர்வில் கிரேக்கு மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள் என்ற முறையீட்டுக்கு, பன்னிருவரும் தாங்களே கூடுதலாகப் பந்தி விசாரிக்கப் போகவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையைக் கேட்டார்கள். அவர்களுக்குத் தாழ்மை இல்லை என்று யாரும் சொல்லத் துணிய மாட்டோம். ஒருவர் எல்லா இடத்திலும் நிற்கும்போது, வாசிக்கக் கூச்சப்படும் கல்லூரி மாணவிக்கும், அண்மையில் மாற்றலாகி வந்த குடும்பத்துக்கும் இடமில்லாமல் போகிறது. அவர்களைக் கூப்பிட்டுப் பழக்குவதைவிடத் தானே செய்துவிடுவது எளிது. உண்மையைச் சொன்னால், பலர் தாங்களே செய்வதற்குத் தாழ்மையைவிட இந்த எளிமைதான் காரணம்.

கிராமத்துச் சிறு சபையில் பத்துக் குடும்பம்தான் இருக்கிறது, அங்கே என்ன செய்வது என்பது இரண்டாவது மறுப்பு. அங்கே ஆளைப் பெருக்க முடியாது, பணியைக் குறைக்கலாம். பத்துக் குடும்பம் கூடும் இடத்தில் திரையும் தனி வரவேற்பாளரும் இல்லாவிட்டால் ஆராதனைக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

அப்படியானால் எந்தப் பணியிலும் இல்லாத ஒருவர் பட்டியல் போடட்டும், அல்லது செயலி போடட்டும் என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்கச் சபைகள் பல பயன்படுத்தும் பிளானிங் சென்டர் போன்ற செயலியில், வர முடியாத தேதிகளை முன்னதாகவே அடைத்துவைக்கலாம், வந்த அழைப்பை ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம். உதவிதான். ஆனால் மார்ச்சில் பிளஸ் டூ, பத்தாம் வகுப்புத் தேர்வுகளும் லெந்து காலமும் சேர்ந்து வரும், மைக்கும் திரையும் பார்க்கும் பையன்கள் காணாமல் போவார்கள், பெரிய வெள்ளியன்று ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் வேண்டும், மூச்சு விடுவதற்குள் மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வந்துவிடும் என்பதெல்லாம் அந்த வேலைகளில் நின்றவருக்கே தெரியும். கேரல் ரவுண்ட்ஸில் இரவெல்லாம் சுற்றிய கொயருக்கு மறுநாள் காலை வேறு பணி போடக் கூடாது என்பதை, கூடவே சுற்றியவரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பட்டியல் போடுகிறவர் பணியிலும் இருக்கத்தான் வேண்டும், ஒரே ஒரு பணியில்.

அப்படியானால் காலி இடங்களை யார் நிரப்புவது? கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் ஒவ்வொரு ஞாயிறு வழிபாட்டையும் ஓர் அன்பியம், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு, முறைவைத்து ஏற்று நடத்துகிறது. வாசகம், மன்றாட்டு, காணிக்கைப் பவனி எல்லாம் அந்த வாரம் அந்தத் தெருக்காரர்களின் பொறுப்பு. ஒருவர் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்கிறார்கள், பங்கு முழுவதற்கும் ஒருவர் போன் போட வேண்டியதில்லை. அன்பியத்துக்குள்ளும் ஓர் அக்கா எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டுதான். ஆனாலும் அது சில வாரங்களுக்கு ஒருமுறை வரும் சுமை. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகள் பகுதிவாரியாக இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பட்டியல் போடும் வேலை எந்தப் பட்டியலிலும் இல்லை. வாரத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும் அந்த வேலைக்கும் ஒரு முறை, ஒரு காலவரை, கூடப் பழகும் ஒரு துணையாள் வேண்டும். திருச்சபை ஆண்டு அட்வென்ட் முதல் ஞாயிறன்று தொடங்குகிறது. அதற்குள் பாஸ்டரேட் கமிட்டிகளும் பங்குப் பேரவைகளும் இப்போது பட்டியல் போடுகிறவர் எந்தத் தேதியில் பொறுப்பை ஒப்படைப்பார் என்பதை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். அதே தாளில் ஆள் கிடைக்காத பணிகளையும் காலியாகவே விட்டு ஒட்டட்டும். அந்தக் காலி இடங்களைச் சபையார் பார்க்கட்டும்.