வெடித்த கைக்கும் மருந்துண்டு

2013 ஆம் ஆண்டு சோளகக் காலம். பூவரசங்குளத்தில் எங்கள் வீட்டுக்கு அத்திவாரம் போட்டுவிட்டுக் கல் அரிந்து கொண்டிருந்தோம். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு முழு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கிடைத்தது. பயனாளியே முன்னின்று கட்ட வேண்டும் என்பதுதான் அத்திட்டத்தின் முறை. எல்லா வேலைக்கும் கூலி கொடுத்தால் கூரைக்குக் காசு மிஞ்சாது. ஆகவே ஆண் துணை இல்லாத வீடுகளில் நாங்களே மண் சுமந்தோம், சீமெந்து குழைத்தோம், கல் அரிந்தோம்.

மூன்றாவது கிழமையில் என் வலது கைப் பெருவிரலின் அடியில் ஒரு கோடு விழுந்தது. அடுத்தடுத்து விரல் மடிப்புகளிலும் கோடுகள் விழுந்தன. செத்தல் மிளகாய் அரைத்தால் உயிர் போகும். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பழந்துணியைச் சுற்றிக்கொண்டு அதே சீமெந்துக்குள் கையை வைத்தேன். சில நாட்களில் விரல் வீங்கி, மணிக்கட்டு வரை சிவந்து, காய்ச்சலும் வந்துவிட்டது. கிணற்றுக் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. மகளின் தலையைப் பின்னிவிடக்கூட முடியவில்லை. பதினொரு நாட்கள் வேலை நின்றது.

வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர்தான் முதலில் கேட்டார்.

"என்னக்கா, கையை இப்பிடி வைச்சிருக்கிறியள்?"

"உழைக்கிற கை வெடிக்கத்தானே செய்யும் மிஸ்."

"வெடிச்ச கை உழைக்காதக்கா. மண்வெட்டி மழுங்கினால் தீட்டுறியள். கையை மட்டும் பார்க்க மாட்டியளோ?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. நாங்கள் இடப்பெயர்வுகளில் எத்தனையோ பெரிய காயங்களைக் கண்டவர்கள். அதனால் சிறிய காயத்தைச் சொல்லவே கூச்சப்படுகிறோம். ஆனால் எங்களில் பலருக்கு இந்த இரண்டு கைகளும்தான் முதல். அன்று அவர் சொன்னவற்றையும், பிறகு வைத்தியர்களிடம் கேட்டும் நானே செய்து பார்த்தும் அறிந்தவற்றையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் வெடிக்கிறது?

எங்கள் உடம்பின் பெரும்பாலான இடங்களில் தோலுக்குள் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை இல்லை. அங்கே வியர்வை மட்டுமே சுரக்கும். ஆகவே இருக்கிற சிறிதளவு பசையையும் சவர்க்காரம் கழுவிக்கொண்டு போனால், தோல் தன் ஈரத்தைப் பிடித்து வைக்க முடியாமல் காய்ந்துவிடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இது இன்னும் கூடும்.

மண்வெட்டி, உலக்கை, கயிறு பிடித்துப் பிடித்துக் கை காய்த்துப்போவது தோல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வழி. ஆனால் காய்த்த தோலுக்கு நெகிழ்வு இல்லை. விரலை மடக்கும்போது வளையாமல் பிளந்துவிடுகிறது.

சீமெந்து வேலைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஈரச் சீமெந்து கடுங்காரத் தன்மை உடையது, தோலை அரித்துவிடும். அதிலுள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையையும் உண்டாக்கும். அது ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால், பிறகு சிறிது சீமெந்து பட்டாலும் கை கடித்துக் கொப்பளிக்கும். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஜனவரி முதல், சீமெந்தில் கரையக்கூடிய இந்தக் குரோமியம் பத்து இலட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது.

விளையாட்டு வீரரிடம் கற்ற பாடம்

கைத்தொல்லை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. மணிக்கணக்காக மட்டையைப் பிடிக்கும் டென்னிஸ் வீரர்களுக்கும் கை காய்க்கும், வெடிக்கும், கொப்பளிக்கும். உலகப் புகழ்பெற்ற ரஃபேல் நடால் 2014 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டியில் இடது உள்ளங்கையில் பெரிய கொப்புளத்தோடு, அதற்குக் கட்டுப்போட்டு விளையாடினார். அவர் கையைப் பார்க்க வைத்தியர் பக்கத்திலேயே நின்றார். எங்கள் கையை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் அவர்களின் ஒரு பழக்கத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம். மட்டையின் பிடியில் மெதுமையான பட்டியைச் சுற்றி, அது தேய்ந்தவுடன் மாற்றிவிடுவார்கள். நான் மண்வெட்டிப் பிடியிலுள்ள சிராய்களை அரத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டுப் பழைய பருத்திச் சேலைக் கரையை இறுக்கிச் சுற்றினேன். அழுக்கேறினால் கழற்றித் துவைத்து மறுபடி சுற்றுவேன். முதலில் சைக்கிள் ரியூப்பைச் சுற்றிப் பார்த்தேன். கை வியர்த்து இன்னும் உரஞ்சியது. துணிதான் நல்லது.

இரவு வைத்தியம்

கை வெடிப்புக்கு மிகச் சிறந்த நேரம் படுக்கைக்குப் போகும் நேரம். எல்லா வேலையும் முடிந்த பிறகு இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் கையை வைத்திருங்கள். சுடுநீர் வேண்டாம்; அது பசையை இன்னும் கரைக்கும். காய்த்த இடத்தை மட்டும் மென்மையான துணியால் மெல்லத் தேயுங்கள். பிளேட்டால் சீவுவது பெரும் பிழை. பிறகு துணியால் ஒற்றி, ஈரப்பதம் இருக்கும்போதே எண்ணெயைப் பூசுங்கள். காய்ந்த கையில் பூசினால் பாதிப் பயன்தான். ஈரத்தை உள்ளே அடைத்து வைப்பதே எண்ணெயின் வேலை.

எந்த எண்ணெய்? வாசலின் நல்லது, பலகாலம் வரும். தேங்காய் எண்ணெயும் குறைந்ததல்ல. 2004 இல் பிலிப்பைன்ஸ் வைத்தியர்கள், தோல் வறட்சி உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெயையும் மற்றவர்களுக்குக் கனிம எண்ணெயையும் இரண்டு கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒரேயளவு பலன் தந்தன.

தேன் எடுப்பவர்களிடம் தேன்மெழுகு வாங்கக்கூடியவர்கள் களிம்பே செய்யலாம். ஒரு பங்கு மெழுகு, நான்கு பங்கு தேங்காய் எண்ணெய். இரண்டையும் ஒரு கிண்ணத்தில் இட்டு, அதைக் கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கி, ஆறவிட்டு, காய்ந்த போத்தலில் அடைத்து வையுங்கள். புதிய எதையும் முதலில் மணிக்கட்டில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். கடித்தால் விட்டுவிடுங்கள்.

பூசிய பிறகு பழைய பருத்திக் காலுறையைக் கையில் போட்டுக்கொண்டு படுங்கள். என் மகள் முதல் நாள் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு கிழமையில் என் கோடுகள் மூடின.

ஆழமாகப் பிளந்த இடத்தைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, பிளாஸ்ரரால் இரு ஓரமும் சேரும்படி ஒட்டலாம். கடையில் விற்கும் ஒட்டுப்பசையை ஊற்றுவது வேண்டாம். அழுக்கும் கிருமியும் உள்ளே அடைபடும்.

செய்யக் கூடாதவை

சாம்பலால் பாத்திரம் தேய்ப்பதென்றால் வெறுங்கையால் தேய்க்காதீர்கள், சாம்பலும் காரம்தான். பெயின்றையும் தாரையும் மண்ணெண்ணெயால் கழுவாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துப் பிறகு கழுவுங்கள். வெடிப்பில் சுண்ணாம்பு பூசாதீர்கள். எலுமிச்சம்புளி விடாதீர்கள்.

சீமெந்து வேலைக்கு நீளமான றப்பர் கையுறை வேண்டும். உள்ளே மெல்லிய பருத்தித் துணி இருந்தால் வியர்வையை இழுக்கும். கையுறைக்குள் சீமெந்து போய்விட்டால் உடனே கழற்றிக் கையைக் கழுவ வேண்டும். உள்ளே சீமெந்து நிற்கும் கையுறை, கையுறை இல்லாததைவிட மோசம்.

கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீரொயிட் களிம்பைத் தானாகப் பூசுவது ஆபத்து. ஒரு கை மட்டும் வறண்டு செதில் உதிர்ந்து, கால் விரலிடுக்கிலும் அரிப்பு இருந்தால் அது பெரும்பாலும் பங்கசு. அதற்கு அந்தக் களிம்பைப் பூசினால் நோய் பரவும்.

வயலில் இறங்குமுன்

வெடிப்பு வெறும் நோவு மட்டுமல்ல, திறந்த கதவு. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி இப்படியான வெடிப்புகளுக்கூடாகவும் உடம்புக்குள் நுழைகிறது. 2008 ஆம் ஆண்டு இலங்கையில் 7000 க்கும் மேற்பட்டோரை இந்நோய் பீடித்தது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் உயிர்களையும் பறித்தது. கையிலும் காலிலும் வெடிப்போடு வயலில் இறங்குவோர், முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். தடுப்புக்கான டொக்சிசைக்கிளின் மாத்திரை இலவசமாகவே கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வயலில் வேலை செய்தபின் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் நோவு வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போய், வயலில் இறங்கியதையும் சொல்லுங்கள்.

அதேபோல் வெடிப்பு வீங்கினால், சீழ் வைத்தால், சிவப்புக் கோடு கைமேல் ஏறினால், இரண்டு கிழமைக் கவனிப்பிலும் ஆறாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் முதல் நாளே காட்டுவது நல்லது. மண் பட்ட காயமென்றால் ஏற்பு ஊசி போட்ட காலத்தையும் நினைவுபடுத்துங்கள்.

யுத்தத்தில் ஒரு கையை இழந்த சகோதரிகளுக்கு மிஞ்சிய கை இரண்டு கையின் வேலையையும் செய்கிறது. ஊன்றுகோல் பிடிப்பவர்களுக்கும் சக்கர நாற்காலியைத் தள்ளுபவர்களுக்கும் உள்ளங்கைதான் கால். அவர்களுக்கு ஒரு வெடிப்பு என்றால் வீடே நின்றுவிடும். ஒரு கையால் அந்தக் கைக்கே எண்ணெய் பூச முடியாது. பக்கத்தில் இருப்பவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பூசிவிடலாம். மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு போத்தல் களிம்பும் நாலு சோடி கையுறையும் பொதுவில் வைக்கலாம்.

எங்கள் வீடு கட்டி முடிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அடுக்களை யன்னலில் எண்ணெய்ப் போத்தல் இன்றும் இருக்கிறது. இரவில் விளக்கை அணைக்குமுன் மகள் கேட்பாள்: "அம்மா, கைக்குப் பூசியாச்சோ?" உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் அப்படிக் கேட்கட்டும். கேட்க ஆளில்லாவிட்டால் நீங்களே உங்களைக் கேளுங்கள்.